பிஎஸ்சி கணிதம் முடிக்கிறேன், ஆக்சுவரி படிப்பில் இறங்கலாமா?

எண்ணெய்ப்பரோட்டா எழுதியது:

வணக்கம். விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிஎஸ்சி கணிதம் மூன்றாம் ஆண்டு. பன்னிரண்டு வரை தமிழ் வழி. சீனியர் ஒருவர் ஆக்சுவரி (காப்பீடு போன்றவற்றில் எதிர்காலச் செலவைக் கணக்கிட்டுச் சொல்பவர்) தேர்வு எழுதுவதாகச் சொன்னதிலிருந்து அதே நினைப்பு. இணையத்தில் தேடினால் எல்லாரும் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டில் பிஎட் முடித்து டெட் எழுதச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு மளிகைக் கடை, கோச்சிங்குக்கு லட்சத்தில் கட்ட முடியாது. காலையில் அலுவலகம் போனால் மாலை வரை ஒரு ஆக்சுவரி என்னதான் செய்வார்? நிகழ்தகவு பிடிக்கும், ஆனால் நான் ஒன்றும் மேதை இல்லை. ஆங்கிலமும் சுமார். இது போதுமா?

பார்க்டவுன் எழுதியது:

நடைமுறையை மட்டும் சொல்கிறேன். இதற்கான அமைப்பு நவி மும்பையில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா, 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரீஸ் சட்டப்படி இயங்குவது. முதலில் ஏசெட் நுழைவுத் தேர்வு, பன்னிரண்டு முடித்தாலே எழுதலாம். மாணவர் உறுப்பினரானதும் தாள்கள் தொடங்கும். சிஎஸ் என்பவை புள்ளியியல், சிஎம் என்பவை வட்டிக் கணக்கு, ஆயுள் கணக்கு, நிதிக் கணிதம். பொருளாதாரம், கணக்குப் பதிவு எல்லாம் தனித் தாள்கள். அதற்கு மேல் நடைமுறைத் தாள்கள், கடைசியில் சிறப்புத் தாள்கள். கோச்சிங் கட்டாயமில்லை. வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்களுக்கு ஆறேழு வருடம் ஆவது சாதாரணம்.

தேனாம்பேட்டை எழுதியது:

தங்கச்சி, சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் ரிசர்விங், அதாவது ஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆயுள் காப்பீட்டில் இருக்கும் அக்காக்கள் வேறு கதை சொல்வார்கள். நான் என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

2021-ல் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு லாரி பைக்கில் மோதியது என்று வைத்துக்கொள். லாரியின் மூன்றாம் நபர் காப்பீடு எங்களிடம். பைக்கில் வந்தவரின் குடும்பம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. தீர்ப்பு வர நாலைந்து வருடம் ஆகலாம், மேல்முறையீடு என்றால் இன்னும் இழுக்கும். பிரீமியத்தை நாங்கள் அப்போதே வாங்கியாயிற்று. ஆகவே அந்த வருடக் கணக்கை முடிக்கும்போதே, இந்த லாரிக்கும் இதுபோன்ற ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கும் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டும். விபத்து நடந்தும் இன்னும் எங்கள் காதுக்கே வராத க்ளெய்ம்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பகுதிக்கு ஐபிஎன்ஆர் என்று பெயர். அந்த எண்ணைச் சொல்வதுதான் என் வேலை.

கருவி என்று பார்த்தால் எக்செல்லில் ஒரு முக்கோணம். விபத்து நடந்த வருடங்கள் மேலிருந்து கீழே, அதற்குப் பின் கழிந்த வருடங்கள் இடமிருந்து வலமாக, கட்டத்துக்குள் அதுவரை கொடுத்த மொத்தத் தொகை. புதிய வருடங்களுக்கு வலப்பக்கம் இன்னும் காலி, அதனால்தான் முக்கோணம். உதாரணத்துக்கு, 2015 விபத்துகளுக்கு முதல் வருட முடிவில் 10 கோடி கொடுத்திருந்தோம், இரண்டாம் வருட முடிவில் மொத்தம் 25 கோடி என்றால் விகிதம் 2.5. பழைய வருடங்களின் விகிதங்களைக் கொண்டு புதிய வருடங்களின் காலிக் கட்டங்களை நிரப்புவோம். செயின் லேடர் என்பார்கள், சிஎம்2 தாளில் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற பெருக்கல்தான்.

அப்புறம் எதற்கு ஆக்சுவரி? 2020-ஐ எடுத்துக்கொள். ஊரடங்கில் தீர்ப்பாயங்கள் வழக்கம்போல் நடக்கவில்லை, கொடுத்த பணம் குறைந்தது. முக்கோணத்தை அப்படியே நம்பினால் செலவு குறைந்துவிட்டது, ஒதுக்கீட்டையும் குறைக்கலாம் என்று காட்டும். ஆனால் பழைய வழக்குகள் எங்கும் போய்விடவில்லை, வரிசையில்தான் நின்றன. இதற்கு நேர்மாறாக, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஒரே நாளில் கட்டுக்கட்டாகச் சமரசம் நடந்தால் அந்த வருடம் மட்டும் பணம் புடைத்துத் தெரியும். அதைப் பார்த்து அலறக் கூடாது. 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாற்பது வயதுக்குள் இறந்த சுயதொழில்காரரின் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து இழப்பீடு கணக்கிட வேண்டும் என்றது. அதற்கு முன்பு நடந்த விபத்தாக இருந்தாலும், நிலுவையில் இருந்த வழக்கு என்றால் அதே கணக்கு. முக்கோணத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி சூத்திரத்தில் கழிவதில்லை. க்ளெய்ம்ஸ் பிரிவு வக்கீலிடம் போய் ‘சேலத்தில் ஏன் திடீரென்று தொகை ஏறியிருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை வைத்து, ஒதுக்கீடு ஏன் கூடுகிறது என்று நிதிப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒதுக்கீடு ஏறினால் லாபம் இறங்கும், யாருக்கும் பிடிக்காது. கடைசியில் அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் அப்பாயின்டட் ஆக்சுவரி. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி. அவர் முன்னால் உட்கார்ந்து ‘இந்த எண் ஏன்?’ என்பதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து எண்ணைக் குறைக்கிற ஆள் இதற்குச் சரிப்படாது. மேதையெல்லாம் வேண்டாம்.

ஆங்கிலம் வேண்டும், மழுப்பமாட்டேன். கணிதம் தெரியாதவருக்கு விளக்கி எழுதுவதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது. குட்டி வாக்கியமாக, நேராக எழுதினால் போதும்.

நங்கநல்லூர் எழுதியது:

எதிர்க்கட்சியாக நான். சில தாள்கள் முடித்துவிட்டு, ஒரு வங்கியில் கடன் ரிஸ்க் பிரிவுக்குப் போனவன், வருத்தம் ஏதுமில்லை. ஆக்சுவரி துறையில் முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். தாள் எழுதுகிற மாணவர்கள் நிறைய, புதியவர்களுக்கான இடங்கள் குறைவு, அவையும் மும்பை, குருகிராம், பெங்களூர் என்றுதான் அதிகம் வரும். வேலைக்குப் போன பிறகும் வருடத்துக்கு இரண்டு பருவம் தேர்வு. நவம்பர் தேர்வு இருந்தால் தீபாவளிக்கு வீட்டில் நீங்கள் மட்டும் புத்தகத்தோடு இருப்பீர்கள்.

ஆனாலும் புள்ளியியல் தாளான சிஎஸ்1 எழுதிப் பாருங்கள். அதன் இரண்டாம் பகுதி ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்வது, ஆர் இலவசம்தான். கல்லூரி லேபிலேயே இறக்கிப் பழகலாம். ஆக்சுவரி ஆகாவிட்டாலும் அந்தப் புள்ளியியலுக்கு வேறு இடத்தில் மதிப்பு உண்டு.

ரயில்நகர் எழுதியது:

காப்பீட்டை விட்டால் வேறு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். நான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) மதிப்பீடு செய்யும் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். உங்கள் பக்கத்துச் சிவகாசி அச்சகம் தொடங்கி திருப்பூர் பனியன் கம்பெனி வரை, தொழிலாளர்களுக்குப் பின்னால் தர வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டுத் தருவோம். சம்பளம் எவ்வளவு ஏறும், வட்டி விகிதம் என்ன, எத்தனை பேர் ஐந்து வருடம் முடிக்கும் முன்பே விலகுவார்கள் என்பதுதான் விளையாட்டே. மார்ச் கணக்கு முடிந்ததும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தூக்கம் குறைவு.

எண்ணெய்ப்பரோட்டா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிஎட் விண்ணப்பமும் போடுகிறேன், ஏசெட்டும் எழுதுகிறேன் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அப்பாவிடம் லாரிக் கதையைச் சொன்னேன். “அப்போ நம்ம டிவிஎஸ் வண்டிக்கு வருஷா வருஷம் ரேட்டை ஏத்துறது இவங்கதானா?” என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும் அக்கா?

தேனாம்பேட்டை எழுதியது:

பாதிப் பழிதான் எங்களுக்கு என்று சொல். மூன்றாம் நபர் பிரீமியத்தை மத்திய அரசுதான் அறிவிக்கிறது. சொந்தச் சேதம், திருட்டுக்கான பகுதிக்கு மட்டும் நிறுவனம் விலை வைக்கும். அதைப் போடுவது எங்கள் பிரைசிங் பிரிவு, என் மேசைக்கு ரெண்டு மேசை தள்ளி.