டங்ஸ்டன்தான் உருகாதே, அப்புறம் எதற்கு இத்தனை தடவை சுட்டுப் பார்க்கிறார்கள்?

அம்பத்தூர்_டிக்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் டிக் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டங்ஸ்டன் ராடு தினமும் கையில் புரள்கிற சாமான். பிரான்ஸில் கட்டும் ஐட்டர் என்ற அணுக்கரு இணைவு உலையிலும் பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட கடுஞ்சூட்டு வாயு) வந்து மோதுகிற அடிப்பாகத்தில் டங்ஸ்டன் கட்டிகள்தானாம். அந்தக் கட்டிகளை எலக்ட்ரான் கற்றையால் ஆயிரக்கணக்கான தடவை சூடேற்றிச் சோதிக்கிறார்களாம். உருகுநிலை 3422 டிகிரி என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் என்ன சோதனை?

மெட்ராஸ்வாசி:
உருகாது, ஆனால் விரியும். அவ்வளவுதான் விஷயம்.

கிண்டி_பிரேசிங்:
மேலே சொன்னது சரிதான், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன் அண்ணா. அந்தக் கட்டி நடுவே துளை, துளைக்குள் செம்புக் கலவைக் குழாய், குழாயில் தண்ணீர் ஓடும். சூட்டில் செம்பு டங்ஸ்டனைவிட மூன்றரை மடங்குக்கு மேல் விரியும். ஒவ்வொரு தடவை சூடேறி ஆறும்போதும் ஜாயிண்ட் இழுபடும். சோதனை முக்கியமாக அதற்குத்தான். சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வீதம் 5000 தடவை, 20 மெகாவாட் வீதம் 300 தடவை. 10 மெகாவாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோவாட், யோசித்துப் பாருங்கள்! அகச்சிவப்பு கேமரா மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதே பவரில் ஓரிடம் மட்டும் தடவைக்குத் தடவை கூடுதலாகச் சூடேறினால், உள்ளே ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்று, சுமார் 1300 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் டங்ஸ்டனின் மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) பெருத்து, பலம் குறையும். 20 மெகாவாட் சோதனைகளில் கட்டியின் நட்டநடுவே மேலிருந்து குழாயை நோக்கி வெடிப்பு இறங்கியதும் உண்டு.

அம்பத்தூர்_டிக்:
அட, இது தெரிந்த விஷயமாச்சே! அதிக ஆம்பியரில் ஓட்டிய ராடு நுனியை ஒடித்தால் சாக்பீஸ் மாதிரி போகும், உடைந்த இடத்தில் மணி மணியாக மின்னும். சரி, எலக்ட்ரான் கற்றையும் பிளாஸ்மாவும் ஒன்றா?

கிண்டி_பிரேசிங்:
இல்லை. கற்றை கொடுப்பது சூடு மட்டும். பிளாஸ்மாவில் ஹைட்ரஜன், ஹீலியம் அயனிகளும் வந்து அடிக்கும். சூடான டங்ஸ்டனில் ஹீலியம் புகுந்தால் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் பஞ்சாக முளைக்கும். அதைப் பார்க்க நெதர்லாந்தில் மேக்னம்-பிஎஸ்ஐ என்று தனிக் கருவியே இருக்கிறது. கற்றைச் சோதனைக் கூடம் நம் நாட்டிலேயே, காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் உண்டு.

மெட்ராஸ்வாசி:
தண்ணீரை விட்டுவிட்டீர்களே. குழாய்ச் சுவரில் நீராவிப் படலம் கட்டிவிட்டால் சூடு இறங்காது, குழாய் சில நொடிகளில் போய்விடும். அதனால்தான் உள்ளே முறுக்கிய தகடு ஒன்றைச் செருகி, தண்ணீரைச் சுழலவிடுகிறார்கள்.

அம்பத்தூர்_டிக்:
அந்தத் தகடு எதில் செய்வது? செம்பா, எஸ்எஸ்ஸா?