7 இஞ்ச் டியூப் புரொஜக்டருக்கு 1080 கொடுப்பதா, 720 போதுமா?

கோபி வாய்க்கால்:
வணக்கமுங்க. ஈரோட்டில் ஒரு பயிற்சி மையத்தைக் காலி செய்தபோது சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக மூன்று படக்குழாய் (டியூப்) வைத்த பழைய சிஆர்டி புரொஜக்டரை எடைக்குப் போட இருந்தார்கள். பார்த்ததும் விட மனசில்லை, குட்டியானை பிடித்து கோபிக்குக் கொண்டுவந்துவிட்டேன். 7 இஞ்ச் டியூப், எலக்ட்ரோமேக்னடிக் ஃபோகஸ். ஹரிசாண்டல், அதாவது நொடிக்கு இழுக்கிற கோடு, 64 கிலோஹெர்ட்ஸ் (64,000) வரைக்கும்தான் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. தேங்காய்க் குடோனை ஒட்டின அறையில், 7 அடி அகலத் திரைக்கு, கம்ப்யூட்டரில் இருந்து ஓட்டுகிறேன்.

1080p 60 ஹெர்ட்ஸ் (1080 கோடு, நொடிக்கு 60 தடவை) கொடுத்தால் படமே நிற்கவில்லை. அதையே 48-ல் கொடுத்தால் வருகிறது, ஆனால் வெள்ளை வேட்டி, வானம் வருகிற இடமெல்லாம் படபடவென்று துடிக்கிறது. எங்க அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். 720p 60 ஆடாமல் நிற்கிறது, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் திக்கித் திக்கிப் போகிறது. எதை வைத்துக்கொள்வது? பார்ப்பது முக்கால்வாசி சினிமா, மீதி கிரிக்கெட்.

சிங்கை ராஜா:
ஏனுங்க, நாலு பேர் பிடித்துத் தூக்குகிற சாமானை வைத்துக்கொண்டு இத்தனை பாடு எதுக்கு? ஒரு சின்ன லேசர் புரொஜக்டர் வாங்கி அலமாரியில் வையுங்க, வேலை முடிந்தது.

கணபதி மெக்கானிக்:
லேசர் ராஜாவுக்கு: இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருப்பதை இந்த டியூபில் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கோபித் தம்பிக்கு. 1080p 60-க்கு மறைந்திருக்கும் கோடுகளையும் சேர்த்து ஒரு ஃப்ரேமுக்கு 1125 கோடு. 60-ஆல் பெருக்கினால் 67.5 கிலோஹெர்ட்ஸ். உங்கள் மெஷின் 64. நிற்காதது அதனால்தான். இனிமேல் அதைக் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். சில மெஷின் தானாக அணைந்துகொள்ளும், சிலதில் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அதற்கு இன்று பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1080p 48 என்றால் 54 கிலோஹெர்ட்ஸ். 720p-க்கு மொத்தம் 750 கோடு, அதை 72-ல் ஓட்டினாலும் அதே 54தான். மெஷினுக்குச் சுமை ஒன்றே. அந்தச் சுமையைக் கோட்டில் செலவழிப்பதா, துடிப்பை அடக்குவதில் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி. 7 இஞ்சுக்கு நான் யோசிக்காமல் 72 பக்கம் போவேன்.

காரணம் பீமின் (டியூபுக்குள் படத்தை வரைகிற எலக்ட்ரான் கற்றை) தடிப்பு. எல்சிடி மாதிரி எண்ணி வைத்த புள்ளி இதில் கிடையாது, பீம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. உழவுச் சால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: சாலுக்குச் சால் தள்ளிப்போனால் நடுவில் கறுப்புக் கோடு தெரியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் எல்லாம் கலங்கிப்போகும். தொட்டும் தொடாமலும் இருக்கிற இடம்தான் உங்கள் டியூபின் ரெசல்யூஷன். டியூப் 4:3. அகலப் படம் போட்டால் உயரத்தில் முக்கால் பங்குதான் பயன்படும், அதற்குள்தான் அத்தனை கோடும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். 1080 முழுசாக எடுபட சோனி ஜி90, மார்க்கீ 9500 மாதிரி 9 இஞ்ச் டியூப் வேண்டும்.

நேரில் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அரை மணி நேரம் சூடேறட்டும். சிவப்பையும் நீலத்தையும் அணைத்துவிட்டுப் பச்சையை மட்டும் வையுங்கள். கூர்மை தெரிவது பச்சையில்தான். கோடு கோடான பேட்டர்ன் ஒன்றைப் போட்டுத் திரைக்கு ஒரு முழம் கிட்டே போய்ப் பாருங்கள். 600-ல் இடைவெளி தெரிந்து 720-ல் மூடிக்கொண்டால் சரி. 720-லேயே ஒட்டிப் பிசுபிசுத்தால் முதலில் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். கான்ட்ராஸ்ட் ஏறினால் பீமில் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் பீம் தடிக்கும். அதை உச்சத்தில் வைத்துவிட்டு ஃபோகஸைத் திருகித் திருகிப் பிரயோஜனமில்லை.

திக்குவதற்குக் காரணம் வேறு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். 60-ல் போட்டால் ஒரு ஃப்ரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி வரும். 72-ல் எல்லாமே மூன்று தடவை. கிராஃபிக்ஸ் கார்டில் கஸ்டம் ரெசல்யூஷன் போகிற இடத்தில் 71.93 என்று போடுங்கள், ப்ளூரே சினிமா பெரும்பாலும் சரியாக 24-ல் இல்லை, 23.976-ல்தான் ஓடுகிறது. மலிவான எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர் சிலது 72 என்றதும் கறுப்புத் திரை காட்டும். அப்படியானால் கன்வர்ட்டரை மாற்றுங்கள், மெஷினைச் சந்தேகப்படாதீர்கள்.

பனியன் கம்பெனி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. புது டைமிங் (கோடு, ஹெர்ட்ஸ் அளவு) ஒவ்வொன்றுக்கும் கன்வர்ஜன்ஸ், அதாவது மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதை, தனியாகப் போட்டுத் தனி மெமரியில் சேமிக்க வேண்டும். ஆசைக்கு ஆறேழு மோடு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பூராவும் மூலை மூலையாகச் சிவப்பை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு இரண்டே மெமரி. தறிக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் ஸ்டெபிலைசர் கட்டாயம். எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் ஆடினால் படத்தின் ஓரமும் சேர்ந்து ஆடும்.

கோபி வாய்க்கால்:
720-ல் 72 போட்டாச்சுங்க. பச்சைக் கோடு தொட்டுக்கொண்டு நிற்கிறது, கான்ட்ராஸ்ட் மட்டும் நிறையக் குறைக்க வேண்டியிருந்தது. பழைய படம் ஒன்றில் ரயில் பக்கவாட்டில் போகிற காட்சி திக்காமல் போனது. ஆனால் கிரிக்கெட்டை 72-ல் போட்டால் பந்து இரட்டையாகத் தெரிகிறது.

கணபதி மெக்கானிக்:
தெரியத்தான் செய்யும். நம்ம ஊர் எச்டி சேனல் 1080i, 50 ஹெர்ட்ஸ். 50-க்கு 72 எந்தக் கணக்கிலும் ஒட்டாது. இரண்டாவது மெமரியில் 720p 50 வையுங்கள், 37.5 கிலோஹெர்ட்ஸ்தான் வரும், மெஷின் அலட்டிக்கொள்ளாது. துடிப்பு கொஞ்சம் தெரியும்தான். ஆனால் வெளிச்சம் குறையக் குறையக் கண்ணுக்குத் துடிப்பும் குறைவாகத்தான் தெரியும். ஏற்கெனவே கான்ட்ராஸ்டைக் குறைத்துவிட்டீர்கள், அறையையும் இருட்டாக்கிவிடுங்கள். பகல் மேட்ச்சை டிவியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி வாய்க்கால்:
சரிங்க. நீலம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, அது ஃபோகஸா?

கணபதி மெக்கானிக்:
நீலம் எப்போதும் கொஞ்சம் பூசினாற்போல்தான் இருக்கும், சிலர் வெளிச்சத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். ஆனால் டியூப் முன்னால் அதைக் குளிர்விக்க இருக்கிற கிளைகால் திரவத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பாலாடை மாதிரி எதாவது மிதந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம், உள்ளே 30,000 வோல்ட்டுக்குப் பக்கம் இருக்கும்.