பொருள்: 'செலக்டிவ் டிஸ்க்ளோஷர்' – தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னடையாளச் செயலிகளுக்கான சொற்பட்டியலில் 'செலக்டிவ் டிஸ்க்ளோஷர்' ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு சான்றில் உள்ள விவரங்களில் கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'தெரிவுசெய் வெளிப்படுத்தல்', 'பகுதி மறைப்பு' என்ற இரண்டு பரிந்துரைகளிலும் எனக்குத் தயக்கம்.

மறைப்பை முதலில் பார்ப்போம். மறைத்த ஆதாரில் 12 இலக்கங்களில் முதல் 8 தெரியாது, அவ்வளவுதான். பெயர், முகவரி எல்லாம் அப்படியே இருக்கும். நாம் பேசுவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பு நாடுகள் குடிமக்களுக்குத் தரவேண்டிய அடையாளப் பணப்பையை, அதாவது சான்றுகளைப் போனில் வைத்திருக்கும் செயலியை, எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த ஊரில் குடியிருப்பவரா?" என்று நகராட்சி நூலகம் கேட்டால் ஊர்ப்பெயரை மட்டும் அனுப்பலாம். சான்றை வழங்கும் அலுவலகம் ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியே ஹேஷ் செய்து, அதாவது மூல விவரம் தெரியாத குறியீடாக மாற்றி, அந்தக் குறியீடுகளின் பட்டியல் மேல்தான் கையொப்பமிடுகிறது. ஆகவே ஒரே விவரத்தை நீட்டினாலும் கையொப்பம் செல்லுபடியாகும். மற்ற விவரங்கள் நூலகத்துக்குப் போவதே இல்லை. போகாததை எப்படி மறைப்பது?

'வெளிப்படுத்தல்' ரகசியத்தைப் போட்டு உடைப்பதுபோல் ஒலிக்கிறது. 'பகிர்தல்' என்றாலோ வாட்ஸ்அப் நினைவுதான் வரும்.

ஆதார் ஜெராக்ஸ் கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் குறுக்கே இரண்டு கோடு இழுத்து "சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார்கள். அது நோக்கத்துக்குப் போடும் வரம்பு, இது விவரத்துக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டாம்.

என் பரிந்துரை: தேர்ந்துகாட்டல். கவுன்டரில் "கார்டைக் காட்டுங்க" என்றுதானே கேட்கிறார்கள்! பிறந்த தேதியைச் சொல்லாமல் '18 நிரம்பியவர்: ஆம்' என்று மட்டும் தெரிவிப்பதற்கும் இது பொருந்தும்.

---

மறுமொழி:

ஐயா, தேர்ந்துகாட்டல் எனக்குச் சம்மதம். 'தெரிவு' இலங்கையில் அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் 'தேர்வு' என்றதும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். 'தேர்ந்து' என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இதை ஆவணங்களோடு நிறுத்திக்கொள்வோம். பொத்தானில் 'தேர்ந்துகாட்டு' என்று போட்டால், ஓய்வூதியத்துக்கு வந்த பெரியவர் பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்டிவிடுவார். அப்புறம் அந்தரங்கம் எங்கே? அங்கே 'இவற்றை மட்டும் காட்டு' போதும். சான்றைத் தருபவருக்கு 'வழங்குநர்', அதைக் கேட்டுப் பார்ப்பவருக்கு 'சரிபார்ப்பவர்' என்ற இரண்டுக்கும் மறுப்பு வரவில்லை. சான்றைக் கையில் வைத்திருப்பவருக்கு 'உடையவர்' சரிவருமா? குழந்தையின் பிறப்புச் சான்று அம்மாவின் போனில் இருந்தால் உடையவர் யார்?