மாங்குளம் சந்தியில் தேடிய தேத்தண்ணிக்கடை

வன்னியில் ஏ9 வீதியில் இருக்கும் மாங்குளம் சந்தியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். போரால் பூட்டிக்கிடந்த அந்த யாழ்ப்பாண வீதி 2002இல் திறந்து சில மாதங்களில் மாமாவோடு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். ஓமந்தையில் ஆமி, புளியங்குளத்தில் இயக்கம் (புலிகள்) என்று இரண்டு இடத்திலும் இறங்கிப் பொதிகளைக் காட்டி, மாங்குளம் வரவே மத்தியானமாகிவிட்டது.

மாமா 1990க்கு முன் லொறி ஓடியவர். சந்தியில் ஒரு கடையில் இஞ்சித் தேத்தண்ணி நல்லாயிருக்கும் என்று வழி முழுக்க அதே கதை. வந்து பார்த்தால் கூரையில்லாத சுவர்கள்தான். மனுசன் விடவில்லை. மதகிலிருந்து காலடி எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது அடியில் தார் முடிந்தது. அதற்கப்பால் மிதிவெடி என்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. ஒன்றுக்குப் போகக்கூட ஒருவரும் வீதியை விட்டு இறங்காத காலம் அது. "அந்தா, அந்தப் பாலை மரத்துக்குக் கீழதான்" என்று நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டினார்.

நான் கேட்டேன், இந்தச் சின்ன ஊருக்காகவா இவ்வளவு அடிபாடு? "ஊருக்கில்லையடா, றோட்டுக்கு" என்றார். வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டானால் முல்லைத்தீவு, மேற்கே துணுக்காய், மல்லாவி. 1990 நவம்பரில் புலிகள் இங்கிருந்த ஆமி முகாமைப் பிடித்தார்கள். 1997 மேயில் இந்த றோட்டைப் பிடிக்க ஆமியின் ஜெயசிக்குறு நடவடிக்கை வவுனியாவிலிருந்து தொடங்கியது. ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான், ஆமி சந்திக்கு வந்து சேர ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது. 1998 செப்டம்பர் கடைசியில் இதைப் பிடித்த அதே நாட்களில் கிளிநொச்சி ஆமியின் கையை விட்டுப் புலிகளிடம் போனது. 1999 நவம்பரில் மாங்குளமும் திரும்பப் புலிகளிடம்.

இடைப்பட்ட அந்த ஒரு வருசம்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த போர். பெரியம்மா மல்லாவியில் இடம்பெயர்ந்திருந்தா, மகள் கிழக்கே புதுக்குடியிருப்பில். நடுவில் சந்தி ஆமியிடம், பாதை பூட்டு. பேரப்பிள்ளை பிறந்ததைப் பார்க்க, வடக்கே காட்டுப்பாதையால் சுற்றி, சைக்கிள் கரியரில் ஒரு போத்தல் நல்லெண்ணெயைக் கட்டிக்கொண்டு போனா. எண்ணெய் பாதி வழியில் ஊற்றுப்பட்டதுதான் இன்றைக்கும் அவவுக்குக் கவலை!

2008 நவம்பரில் சந்தி இன்னொரு தடவை கை மாறி ஆமியிடம் போனது. போன வருசம் பஸ்ஸில் போனபோது கடைகள் நிறைய இருந்தன. பாலை மரத்தைத் தேடினேன், காணவில்லை. "முல்லைத்தீவு போறாக்கள் இறங்குங்கோ" என்று கொண்டக்டர் கத்தினார். இரண்டு பேர் இறங்கினார்கள்.