வால்வு ஆம்பின் டிஸ்டார்ஷன் காதுக்குக் கேட்குமா? வீட்டில் சோதித்துப் பார்த்த அனுபவம்

தக்கலையிலிருந்து:

அப்பா மைக் செட் வைத்திருந்தவர். ஆம்பின் வால்வு (பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) சூடேறும்வரை காத்திருந்து, அப்புறம் வரும் சத்தம்தான் நல்ல சத்தம் என்று நம்பி வளர்ந்தவன் நான். போன ஆடிச் சாரலில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஈஎல்84 வால்வை ட்ரையோடாக (மூன்று முனை வால்வு போல) இணைத்து, சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப் ஒன்று கட்டினேன். முழுச் சக்தியே 2 வாட்தான். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு வழியாக அளந்தேன். அரை வாட்டில் 1.5 சதவீதம், 2 வாட்டில் 5 சதவீதம் டிஸ்டார்ஷன், அதாவது பாட்டில் இல்லாமல் ஆம்ப் தானாகச் சேர்க்கும் அழுக்கு. பக்கத்தில் இருந்த டிரான்சிஸ்டர் ஆம்பில் 0.02 சதவீதம். மனசு கேட்கவில்லை. இவ்வளவு அழுக்கு இருந்தும் எனக்கு இதுதானே பிடிக்கிறது?

அக்கா மகனைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு தடவையும் அவன் விருப்பத்துக்கு ஆம்பை மாற்றச் சொன்னேன். முதல் சுற்றில் எந்த ஆம்ப் பாடுகிறது என்று எல்லாமே சரியாகச் சொல்லிவிட்டேன். "மாமா, வால்வு கொஞ்சம் சத்தமா வச்சிருக்கு" என்றான் அவன். உண்மைதான். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்தினோம். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டு அரை வாட்டில் கேட்டதில் 20க்கு 16 சரி. வால்வைக் காட்டிக் கொடுத்தது தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த சத்தம் தரும் பக்கம். வால்வில் அது கொஞ்சம் பருத்துக் கேட்டது.

இங்கேதான் சந்தேகம் வந்தது. என் வால்வு ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை) சுமார் 4 ஓம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர், தாழ்ந்த சுருதிகளில் ஒரு இடத்தில் 30 ஓமைத் தாண்டும். அந்த இடத்தில் மட்டும் சத்தம் 2.5 டெசிபல் போல ஏறிவிடும். அது டிஸ்டார்ஷனே இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்பிலும் அதே மாதிரி ஏறட்டும் என்று, அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, மறுபடி சமப்படுத்திக் கேட்டேன். 20க்கு 11. கண்ணை மூடிச் சொன்னாலும் இவ்வளவு வரும். இத்தனை வருஷம் வால்வின் ருசி என்று நான் கொண்டாடியதில் பெரும்பங்கு இந்த 4 ஓம்தான்!

மீதி அழுக்கு ஏன் கேட்கவில்லை? என் ஆம்பில் வருவது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது ஊதும் சுருதிக்கு இரண்டு மடங்கு அதிர்வு. 'ச' ஊதினால் அதோடு மேல் 'ச' சேருகிறது, அவ்வளவுதான். நாதஸ்வரத்தில் அது முன்பே தாராளமாக இருக்கிறது. அதில் ஒரு துளி கூடினால் காது எப்படிப் பிரிக்கும்? ஏழாவது, பதினோராவது ஹார்மோனிக் அப்படியில்லை. எந்த சுவரத்திலும் ஒட்டாமல் தனியே துருத்தும்.

ஆனால் கேட்கவே கேட்காது என்றும் சொல்ல மாட்டேன். அந்த ரெசிஸ்டரை எடுக்காமலே 2 வாட்டுக்கு ஏற்றினேன். தனிப் புல்லாங்குழலில் 12 சரி. வயலின்கள் கூட்டமாக வாசிக்கும் இடத்தில் 18! பல சுருதிகள் ஒன்றோடொன்று கலந்து, யாருமே வாசிக்காத சுருதிகள் பிறக்கின்றன. மெல்லிய துணி போர்த்தியது மாதிரி இருந்தது.

குளச்சலிலிருந்து:

தம்பி, என் அனுபவம் இதற்கு நேர் எதிர். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று, முழு வாட்டில் மீட்டர் 0.3 சதவீதம் டிஸ்டார்ஷன் காட்டும். திருவிழா மைதானத்தில் குறையே தெரியாது. ராத்திரி வீட்டில் குறைத்து வைத்தால் ஒவ்வொரு சொல்லின் நுனியிலும் மணல் உரசும். பயாஸ் (சத்தம் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு மின்னோட்டம்) இறங்கிப் போயிருந்தது. ஒரு டிரான்சிஸ்டர் விட்டு அடுத்தது பிடிக்கிற இடத்தில் இடைவெளி. சத்தம் குறையக் குறைய அதுதான் பெரிதாகத் தெரியும். வால்வு ஆம்பில் குறைத்தால் சுத்தமாகிக்கொண்டே வரும். அப்புறம், கூம்பு ஸ்பீக்கரில் இதையெல்லாம் தேட வேண்டாம். அதன் கத்தலில் எல்லாம் மூழ்கிவிடும்.

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, அந்த ஆம்பில் இன்னும் கையே வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வருகிறேன். 0.1 வாட்டில் அளந்து பார்த்துவிட்டு அப்புறம் பயாஸைத் திருப்புவோம்.