ஃபிலிமில் கறுத்த வானம்

கறுப்பு வெள்ளை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் சொதப்பிய ஒரு படம். பச்சைச் சரிவு, நடுநடுவே சிவப்புப் பூக்கள், மேலே நீல வானம், பஞ்சுப் பொதியாய் மேகம். நேரில் அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்து கணினியில் வண்ணத்தை நீக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். பூ எது, புல் எது என்றே பிரியவில்லை. அந்தச் சிவப்பும் பச்சையும் நிறத்தில்தான் எதிரெதிர், வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

அப்புறம்தான் கறுப்பு வெள்ளை இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸைப் பற்றிப் படித்தேன். 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நின்றபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டே. ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு, அதாவது லென்ஸின்மேல் மாட்டும் வண்ணத் தடுப்போடு, எடுத்தார். மனதில் கண்ட வானம் இதில் வராது என்று தோன்றவே, கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டார். அதில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு.

சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். அதனால் வானம் இருளும், மேகம் எடுப்பாக நிற்கும். திறந்த வெளியில் நிழலுக்குள் விழும் வெளிச்சமும் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதுதான் என்பதால் நிழல்களும் கூடவே ஆழமாகும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த நிழல்கள்தான்.

அடுத்த முறை கறுப்பு வெள்ளை ஃபிலிமும் சிவப்பு ஃபில்டருமாக ஒரு பாறைச்சரிவுக்குப் போனேன். ஃபில்டர் 3 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி, மூன்று என்றால் எட்டில் ஒரு பங்கு, அதாவது படம் பதிய 8 மடங்கு நேரம் வேண்டும். டிரைபாட் இல்லாமல் ஆகாது. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. பாறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, அதையொட்டி ஆரஞ்சு நிறத்தில் பாசித் திட்டுகள். நேரில் அவற்றை நான் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. கழுவி அச்சிட்டுப் பார்த்தபோது திட்டுகள் வெள்ளைப் பொட்டுகளாக மினுங்கின. வெடிப்பின் ஒரு விளிம்பு பளிச்சென்று இருக்க, மறுபக்கம் மையிருட்டு. தடவினால் சொரசொரப்பு கையில் படும் போல இருந்தது. வண்ணத்தில் எடுத்திருந்தால் கண் நேரே வானத்துக்குத்தான் ஓடியிருக்கும்.

அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மழை வர்றதுக்கு முன்னாடி எடுத்தியா?" என்று கேட்டார். அன்று சுள்ளென்ற வெயில்.