ஜெலட்டின் பிளாக்கில் பிபி 11 செ.மீ. இறங்குது, எங்க தப்பு?

காட்பாடி மாணவி
தடய அறிவியல் புராஜெக்டுக்காக .32 ரிவால்வர் குண்டு ஜெலட்டினில் எவ்வளவு ஆழம் போகுதுன்னு அளக்கணும். சுடறது லைசன்ஸ் உள்ள ரேஞ்சில், அங்க இருக்கறவங்கதான். பிளாக் ஊத்தறது எங்க பொறுப்பு. 1 கிலோ ஜெலட்டினை 9 லிட்டர் கொதிக்கிற தண்ணியில கரைச்சு, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில வெச்சோம். பிளாக் சரியா இருக்கான்னு பார்க்க ஏர்கன்ல சுட்ட 4.5 எம்எம் ஸ்டீல் பிபி (சின்ன உருண்டைக் குண்டு), இறங்க வேண்டியதைவிட அதிகமா 11 செ.மீ. வரை இறங்குது. அந்த வித்தியாசத்தைக் கணக்குல கழிச்சுக்கலாமா?

ரேஞ்ச் ஆற்காடு
கழிக்காதீங்கம்மா, புதுசா ஊத்துங்க. பிபி நொடிக்கு 590 அடி வேகத்துல போனா 8.5 செ.மீ. இறங்கணும். ஒரு செ.மீ. கூடக் குறைய இருக்கலாம். அதைத் தாண்டின பிளாக்கில எடுத்த எந்த அளவையும் இன்னொருத்தர் அளவோட ஒப்பிடவே முடியாது.

கொதிதண்ணிதான் முதல் தப்பு. 40 டிகிரிக்கு மேல சூடு ஏறினா ஜெலட்டினோட இறுக்கம் போயிடும், அப்புறம் எவ்வளவு குளிர வெச்சாலும் திரும்பாது. குளிர்ந்த தண்ணியில பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. பவுடர் மேல தண்ணி ஊத்தினா கட்டி கட்டியாயிடும். 2 மணி நேரம் ஃபிரிட்ஜில ஊறட்டும். அப்புறம் அண்டாவில வெந்நீர் வெச்சு, அதுக்குள்ள பாத்திரத்தை இறக்கி, தெர்மாமீட்டரை விடாம பார்த்துக்கிட்டே கரைங்க. வேகமா அடிச்சா நுரை கட்டும், காத்துக்குமிழி உள்ளயே நின்னுடும். நாலைஞ்சு சொட்டு இலவங்கப்பட்டை எண்ணெய் விட்டா நுரை அடங்கும், பிளாக் சீக்கிரம் கெடாது. 15 × 15 × 40 செ.மீ. அச்சுல ஊத்தி, நடுப்பகுதியும் 4 டிகிரிக்கு வரணும். அதுக்கு ஒரு ராத்திரி பத்தாது, ரெண்டு நாள் விடுங்க.

பாலாற்றங்கரை
பவுடர் எங்க வாங்கினீங்க? பேக்கரி சாமான் கடை பாக்கெட்டில ப்ளூம் எண் (ஜெலட்டின் எவ்வளவு இறுகும்னு காட்டற எண்) பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு வேணுங்கறது 250 ப்ளூம், டைப் ஏ, அதாவது பன்றித்தோலை அமிலத்துல பதப்படுத்தினது. நம்ம பக்கம் தோல் தொழில் ஊருங்கறதால மாட்டுத்தோல் ஜெலட்டினே போதும்னு யாராவது சொல்வாங்க. அது பெரும்பாலும் சுண்ணாம்பில ஊறின டைப் பி, இதுக்கு வேண்டாம். போர் தண்ணியும் வேண்டாம், கேன் தண்ணி எடுங்க.

அப்புறம் வேலூர் வெயில். மே மாசம் ஃபிரிட்ஜை விட்டு வெளிய எடுத்ததுமே பிளாக்கோட மேல்தோல் இளக ஆரம்பிச்சிடும். பாலித்தீன்ல சுத்தி ஐஸ் பெட்டியில கொண்டு போங்க. பிபி சோதனையை ரேஞ்சிலேயே, சுடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியா செய்யணும். முந்தின நாள் லேபில எடுத்த அளவு செல்லாது. ரைஃபிளிங் (பேரலுக்குள்ள சுருள் வரி) உள்ள ஏர்கன்ல ஸ்டீல் பிபி போட்டா பேரல் கெடும். வழவழ பேரல் இருக்கறதா பாருங்க, குரோனோகிராஃப் வெச்சு வேகத்தையும் குறிங்க.

காட்பாடி மாணவி
நன்றிங்க. கண்ணாடி மாதிரி தெளிவான சிந்தெடிக் ஜெல் வாங்கிட்டா இந்த வேலை மிச்சமா? துணி போர்த்தியும் சுடணுமா?

ரேஞ்ச் ஆற்காடு
சிந்தெடிக் ஜெல் வெயிலுக்கு அவ்வளவு அசையாது, உருக்கித் திரும்ப ஊத்தலாம், குண்டு போன பாதையும் தெளிவா தெரியும். ஆனா அதுல வர்ற ஆழமும் 10 சதவீத ஜெலட்டினில வர்ற ஆழமும் ஒண்ணு இல்ல. குண்டு இவ்வளவு ஆழம் இறங்கணும்னு அமெரிக்காவோட எஃப்பிஐ சொல்ற 12 முதல் 18 அங்குலம் ஜெலட்டினுக்கானது. புராஜெக்டுக்கு ஜெலட்டினே எடுங்க.

துணி அவசியம். வெறும் பிளாக்கில அழகா விரியற ஹாலோ பாயிண்ட் (மூக்கில குழி உள்ள குண்டு), நாலு மடிப்பு டெனிம் தாண்டும்போது குழியில நூல் அடைச்சுக்கிட்டு விரியாமலே போயிடலாம். அப்ப ஆழம் கூடும், துளை சின்னதாகும். இங்க வர்ற .32 உருண்டை மூக்கு ஈயக்குண்டு எப்படியும் விரியாது. ஒரு பிளாக் 40 செ.மீ.தான், அதனால ரெண்டாவது பிளாக்கைப் பின்னாடி ஒட்டி வைங்க, அதுக்கும் பின்னால ரேஞ்சோட மண்மேடு இருக்கணும். 3 மீட்டர் தூரத்துல, வெறும் பிளாக்கில 5, துணியோட 5 குண்டு. பழைய பாதையில புதுக் குண்டு நுழைஞ்சா அதைக் கணக்குல சேர்க்காதீங்க.

சுட்டதும் பிளாக்குக்குள்ள தெரியற பெரிய விரிசலைப் பார்த்து மயங்க வேண்டாம். கைத்துப்பாக்கி வேகத்துல அது பெரும்பாலும் ஜெல் இழுபட்டுத் திரும்பின தடம். நீங்க எழுத வேண்டியது நிரந்தரத் துளையோட ஆழம், எடுத்த குண்டோட விட்டம், எடை. அதே பக்கத்துல அன்னைக்கு வந்த பிபி அளவு.